கணவாய் தாண்டிப் போனவர்கள் – 14: மேற்குப் பாலைவனத்தில் ஒரு காலை

சென்ற இதழில் மலாயாவிலும் பர்மாவிலும் போருக்குள் அகப்பட்டுக்கொண்ட தமிழர்களைப் பார்த்தோம். அந்தப் போருக்குத் தமிழில் சாட்சி இருக்கிறது. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய இரண்டு நாவல்களையும் படித்தவர் பினாங்கையும் மெடானையும் மறக்க மாட்டார். அதே ஆண்டுகளில் மேற்கே, சூயஸ் கால்வாய்க்கு அப்பால், எகிப்திலும் லிபியாவிலும் இன்னொரு போர் நடந்தது. 1940 ஜூனில் தொடங்கி 1943 மே மாதம் துனீசியாவில் முடிந்தது. சிதி பர்ரானியில் நடந்த முதல் பெரிய தாக்குதலிலிருந்து கடைசிச் சரணாகதி வரை இந்தியப் படை அதில் இருந்தது. அந்தப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் வந்துவிட்டன. தமிழில் அதற்கு ஒரு சிங்காரம் வாய்க்கவில்லை.

அந்த ஆங்கில அலமாரியில் நம் சிப்பாய் எங்கே இருக்கிறார் என்று தேடுவதுதான் இந்த அத்தியாயம்.

இரண்டு ஊர், இரண்டு அரசு

தேடுவதற்கு முன் ஒரு பழைய எல்லையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆரியங்காவுக் கணவாயின் அடிவாரத்தில், இன்று கேரளத்துக்குப் போகும் லாரிகள் வரிசையில் நிற்கும் புளியறை, 1940இல் சென்னை மாகாணத்தில் இல்லை. செங்கோட்டை வட்டாரம் முழுவதும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. தென்காசிக்காரர் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமகன். சில மைல் மேற்கே குடியிருந்த புளியறைக்காரர் மகாராஜாவின் பிரஜை. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது.

சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் இந்த எல்லை குறுக்கே நின்றதில்லை. காகிதத்தில் நின்றது. பட்டாளத்துக்குப் போன ஒருவரின் சொந்த ஊர் எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டது என்பதை அதுவே தீர்மானித்தது. அதோடு படை அலுவலகத்தில் இன்னொரு தலைப்பும் காத்திருந்தது. இந்தியப் படை ஆட்களை ‘வகுப்பு’ பார்த்தே எடுத்தது: சீக்கியர், டோக்ரா, ஜாட், பஞ்சாபி முஸ்லிம் என்று வடக்கே நுணுக்கமாகப் பிரித்தவர்கள், தெற்கே தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லோரையும் ‘மதராஸி’ என்று ஒரே சொல்லில் அடக்கினார்கள். புளியறைக்காரரும் காக்கிநாடாக்காரரும் அந்தப் பட்டியலில் ஒரே ஆள்.

கதவை அடைத்த புத்தகம்

மதராஸிகள் படையில் ஏன் அவ்வளவு குறைவாக இருந்தார்கள்? அதற்கான காரணங்களில் ஒரு தளபதியின் தீர்ப்பும் உண்டு. பின்னாளில் அது புத்தகமாகவும் வந்தது. ராபர்ட்ஸ் பிரபு 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதி. பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானார். நீண்ட காலம் போரே காணாத தென்னாட்டுச் சிப்பாய் வீரம் மழுங்கிப்போனவர், ரஷ்யாவோடு மோத வேண்டி வந்தால் பயன்பட மாட்டார் என்பது அவர் முடிவு. 1897இல் வந்த தம் நினைவுக் குறிப்பிலும் அதையே எழுதினார். அது பலமுறை அச்சேறி அதிகாரிகள் கையில் புழங்கிய நூல். ஒரு தலைமுறை அதிகாரிகளுக்கு அந்தக் கருத்தே பாடமாயிற்று. வந்தவாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் சண்டையிட்ட படையின் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1928இல் மதராஸ் ரெஜிமென்ட்டே இல்லாமல் போனது. உலகப் போர் வந்து ஆள் தட்டுப்பாடு ஏற்பட்ட பிறகுதான், 1941இல், அதை மறுபடி உருவாக்கினார்கள்.

தப்பிப் பிழைத்தது ஒரே பிரிவு. 1780இல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, தண்ணீர் கொண்டுவருவது எல்லாம் இவர்கள் வேலை. படையில் இவர்களுக்கு வழங்கும் செல்லப்பெயர் ‘தம்பி’. முள்வேலிக்கு அடியில் செருகி வெடிக்கவைக்கும் நீண்ட குழாய்க்கு உலகமெங்கும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்று பெயர். 1912இல் பெங்களூரில் இந்தப் பிரிவைச் சேர்ந்த ஓர் ஆங்கில அதிகாரி உருவாக்கியது அது. வீரம் போதாது என்று தென்னாட்டான் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்ட படை, வெடிமருந்தை மட்டும் அவன் கையில் விட்டுவைத்தது.

1942 மே 27

இனி அந்தக் காலைக்கு வருவோம். லிபியாவில், கடற்கரையில் காஸலாவிலிருந்து தெற்கே பிர் ஹக்கீம் வரை சுமார் 65 கிலோமீட்டருக்குக் கண்ணிவெடி வயல்களும் தனித்தனிக் காவல் அரண்களுமாக பிரிட்டிஷ் 8ஆம் படை அணிவகுத்திருந்தது. தெற்கு முனையான பிர் ஹக்கீமை ஜெனரல் கீனிக் தலைமையில் சுதந்திரப் பிரெஞ்சுப் படை காத்தது. அதற்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டரில், வரைபடத்தில் ‘171’ என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒரு மேட்டில், 3ஆம் இந்திய மோட்டார் பிரிகேடை நிறுத்தினார்கள். மூன்று குதிரைப்படை ரெஜிமென்ட்டுகள். அவற்றுக்குக் குதிரையும் இல்லை, டாங்கியும் இல்லை, லாரிகள்தான் இருந்தன. துணைக்கு 2ஆம் இந்திய ஃபீல்டு ரெஜிமென்ட்டின் பீரங்கிகள். கண்ணிவெடி விதைக்கவோ பள்ளம் தோண்டி முடிக்கவோ அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மே 26 இரவு ஜெர்மன் தளபதி ரோம்மல் தன் கவசப் படைகளை பிர் ஹக்கீமுக்குத் தெற்கே சுற்றிக்கொண்டு கிளப்பினார். விடிந்ததும் 171ஆம் மேட்டின் எதிரே டாங்கிகள் தெரிந்தன. ஜெர்மன் கவசப் பிரிவு ஒன்று முழுதாக வந்துவிட்டது என்று பிரிகேடியர் ஃபிலோஸ் மேலிடத்துக்குச் செய்தி அனுப்பினார். வந்தவை பெரும்பாலும் இத்தாலியின் ‘அரியெத்தே’ பிரிவின் டாங்கிகள். பீரங்கிக்காரர்கள் தொலைதூரக் கணக்கெல்லாம் விட்டுவிட்டு, 25 பவுண்டர் பீரங்கிகளைக் கண்ணால் நேரே குறிபார்த்துச் சுட்டார்கள். பல டாங்கிகள் எரிந்தன. மீதி டாங்கிகள் மேட்டின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கின. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. சுமார் 440 பேர் இறந்தோ காயமுற்றோ விழுந்தார்கள். ஏறக்குறைய 1,000 பேர் கைதியானார்கள்.

கைதிகளில் ஒருவர் 70 வயதான ஆங்கிலேயக் கடற்படை அட்மிரல் வால்டர் கோவன். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் இருக்க மனமில்லாமல் இந்தியக் குதிரைப்படையோடு வந்து ஒட்டிக்கொண்டவர். கைத்துப்பாக்கியோடு டாங்கியை எதிர்த்து நின்று பிடிபட்டார். அவரைப் பற்றி ஆங்கில நூல்கள் வாய் நிறையப் பேசும்.

இன்னொருவர் மேஜர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன் வாரிசு. தந்தை ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். தாய் ராதாபாய், மத்திய மேலவையில் அமர்ந்த முதல் பெண். ஈட்டன் பள்ளியிலும் வுல்விச் ராணுவக் கல்லூரியிலும் படித்த மகன், 1933இல் பீரங்கிப் படையில் அதிகாரியானார். 1857க்குப் பிறகு, மலைப் பீரங்கிகள் நீங்கலாக, பீரங்கிப் படையில் இந்தியர்களைச் சேர்க்காமலே வைத்திருந்தது பிரிட்டிஷ் அரசு. 1935இல் பெங்களூரில்தான் இந்தியர்களுக்கான முதல் களப் பீரங்கிப் பிரிவு உருவானது. அந்த முதல் தலைமுறை அதிகாரிகளில் ஒருவர் இவர். அன்றைய சண்டைக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது.

இதே குடும்பத்தின் இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம், அரசருக்கு எதிராகச் சதி செய்தார் என்று 1940–41இல் சென்னைச் சதி வழக்கில் சிறைப்பட்டவர். அண்ணன் அரசரின் பீரங்கியை இயக்கினார், தம்பி அரசரின் சிறையில் இருந்தார். அன்றைய தமிழ்நாட்டு மனத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மேஜர் இத்தாலியில் கைதியாக இருந்தபோது தப்பி, மறுபடி பிடிபட்டு, ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். அதே பாலைவனத்தில் சில வாரம் கழித்துப் பிடிபட்டு இத்தாலிக்குப் போன இன்னொரு இந்திய அதிகாரியின் பெயர் யாஹ்யா கான். 1966 ஜூனில் குமாரமங்கலம் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியானார். அதே ஆண்டு செப்டம்பரில் யாஹ்யா பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமைத் தளபதியானார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இரு நாட்டுப் படைகளையும், ஒரே பாலைவனத்தில் ஒரே கொடியின் கீழ்ச் சண்டையிட்டுக் கைதியான இருவர் நடத்தினார்கள்.

யார் எழுதினார்கள், எதை எழுதினார்கள்

171ஆம் மேட்டில் பிடிபட்ட சிப்பாய்களில் சுமார் 600 பேரைப் பிடித்தவர்களே பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டார்கள். அவ்வளவு பேருக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லை. அவர்கள் நடந்தே பிர் ஹக்கீமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முற்றுகைக்குள் அளவு வைத்துக் குடித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தண்ணீரில் பங்கு கொடுத்தார்கள். பிர் ஹக்கீம் பிறகும் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. இன்று பாரிஸில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கே அந்தப் பெயர். பிரெஞ்சு மொழியில் அதைப் பற்றி நினைவுக் குறிப்புகள், ஆய்வுகள், பள்ளிப் பாடங்கள். பக்கத்து மேட்டுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். அந்த எண்ணும் ராணுவ வரலாறு படிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

காரணம் வீரத்தில் இல்லை. எழுதக்கூடிய கையும், எழுதச் சொல்லும் நாடும் யாருக்கு இருந்தன என்பதில் இருக்கிறது. அந்த அலமாரியைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

முதலில் வந்தவை அரசின் விளம்பர நூல்கள். ‘தி டைகர் ஸ்டிரைக்ஸ்’ 1942இல், ‘தி டைகர் கில்ஸ்’ 1944இல். போர் நடக்கும்போதே, ஆள் சேர்ப்பதற்காகவும் மனம் தளராமல் இருப்பதற்காகவும் எழுதப்பட்டவை. அவற்றில் இந்தியச் சிப்பாய் நிறைய வருவார். களைக்க மாட்டார், கேள்வி கேட்க மாட்டார்.

அடுத்து வந்தது எதிரியின் புகழ். இந்தியப் படையின் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்த பிரிகேடியர் டெஸ்மண்ட் யங், 1942இல் பாலைவனத்தில் கைதியாகி ரோம்மலை நேரில் பார்த்தவர். 1950இல் அவர் எழுதிய ‘ரோம்மல்’ பெரும் விற்பனை கண்டது. மறு ஆண்டே ஹாலிவுட் படமாயிற்று. பாலைவனத்தில் ரோம்மலை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி ஆக்கின்லெக்கே புத்தகத்துக்கு முன்னுரை எழுதினார். பாலைவனப் போர் என்றதும் உலகத்துக்கு ரோம்மலின் தூசுக் கண்ணாடி நினைவுக்கு வருவதற்கு இந்தப் புத்தகம் முக்கியக் காரணம். இந்தியப் படையில் பணியாற்றிய ஒருவர் எழுதிய நூலால் புகழ் பெற்றவர் ஜெர்மன் தளபதி.

பிறகு தளபதிகளின் சண்டை. 1958இல், ஆக்கின்லெக்குக்குப் பிறகு 8ஆம் படையை நடத்திய மாண்ட்கோமரி தம் நினைவுக் குறிப்பை வெளியிட்டார். தாம் வருவதற்கு முன் ஆக்கின்லெக் நைல் டெல்டாவுக்குப் பின்வாங்கத் திட்டமிட்டிருந்ததாக அதில் சொன்னார். ஆக்கின்லெக் எதிர்ப்புத் தெரிவிக்க, பதிப்பாளர் விளக்கக் குறிப்புச் சேர்க்க வேண்டி வந்தது. 1960இல் கொரெல்லி பார்னெட் ‘தி டெசர்ட் ஜெனரல்ஸ்’ எழுதி ஆக்கின்லெக் பக்கம் நின்றார். 1963இல், 4ஆம் இந்தியப் பிரிவின் தளபதியாக இருந்த ஃப்ரான்சிஸ் டக்கர் ‘அப்ரோச் டு பேட்டில்’ எழுதினார். படைப்பிரிவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று உதவ முடியாத தூரத்தில் நிறுத்தியதே அழிவுக்குக் காரணம் என்று மேலிடத்தைச் சாடினார். 171ஆம் மேட்டுக்கு நேர்ந்த கதிக்கு நான் படித்த விளக்கங்களில் எனக்கு ஏற்புடையது அதுதான். ஆனால் இந்த வழக்கு முழுவதும் தளபதிகளுக்கு இடையிலானது. சிப்பாய் அதில் வாதியும் இல்லை, சாட்சியும் இல்லை, சாட்சிப் பொருள் மட்டும்.

நம் நாட்டுப் பங்காக வந்தது அதிகாரபூர்வ வரலாறு. பிரிவினைக்குப் பிறகும் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒரு வரலாற்றுப் பிரிவை நடத்தின. விசுவேசுவர் பிரசாத் முதன்மை ஆசிரியர். பி.சி. பரூச்சா எழுதிய வட ஆப்பிரிக்கத் தொகுதி 1956இல், புளியறை தமிழ் நிலத்தோடு சேர்ந்த அதே ஆண்டில் வெளிவந்தது. வரைபடங்களும் படை எண்களும் திருத்தமான நூல். ஆனால் எந்த ஊரிலிருந்து யார் போனார் என்பது அந்த வகை நூலின் வேலை இல்லை.

சாதாரணச் சிப்பாயின் குரல் ஓரளவு கேட்கத் தொடங்கியது சமீபத்தில்தான். மத்திய கிழக்கிலிருந்து போன, அங்கே வந்த இந்தியக் கடிதங்களை ராணுவத் தணிக்கையாளர்கள் படித்து, பகுதிகளை ஆங்கிலத்தில் மாற்றி அறிக்கையாக்கினார்கள். ஊரில் அரிசி விலை, வீட்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்ற கவலை, விடுப்புக் கிடைக்காத கோபம் எல்லாம் அவற்றில் உண்டு. ஸ்ரீநாத் ராகவனின் ‘இந்தியாஸ் வார்’ (2016) அந்த அறிக்கைகளைப் பயன்படுத்துகிறது. ரகு கர்நாட் தம் குடும்பத்து இளைஞர்களைத் தேடிப் போய் எழுதிய ‘ஃபார்தஸ்ட் ஃபீல்ட்’ (2015) கோழிக்கோட்டிலும் சென்னையிலும் தொடங்குகிறது. தென்னிந்தியக் குடும்பம் ஒன்றுக்குள் இந்தப் போர் எப்படி நுழைந்தது என்பதை அறிய எனக்குத் தெரிந்து அதுவே நல்ல நூல்.

தம்பிகள் எங்கே?

அப்படியானால் தமிழ்ச் சிப்பாயை எங்கே தேடுவது? காலாட்படைக் கதைகளில் தேடிப் பயனில்லை. அந்தக் கதவைத்தான் அடைத்துவிட்டார்களே. பொறியாளர் பிரிவில் தேட வேண்டும். செங்கழுகுச் சின்னம் பூண்ட 4ஆம் இந்தியப் பிரிவோடு சிதி பர்ரானியிலிருந்து துனீசியா வரை போன சாப்பர்களில் 12ஆம் ஃபீல்டு கம்பெனியும் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியும் மதராஸ் சாப்பர்களுடையவை. இவர்களைத் தவிர லாரி ஓட்டுநர்கள், எழுத்தர்கள், ஆஸ்பத்திரி உதவியாளர்கள், சமையல்காரர்கள் என்று சண்டைக்குப் பின்னால் நின்ற படையிலும் தென்னாட்டார் இருந்தார்கள்.

சாப்பர் வேலை புத்தகத்தில் ஏறாத வேலை. எகிப்தின் எல்-அலமேனில் ஜெர்மானியர் விதைத்த கண்ணிவெடிகள் நான்கு லட்சத்துக்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதில் பாதை திறப்பவர் இரவில், மண்டியிட்டு, துப்பாக்கி முனைக் கத்தியால் மணலைக் குத்திக் குத்திப் போக வேண்டும். கிடைத்ததைத் தூக்காமல் திரி கழற்ற வேண்டும். இரு பக்கமும் வெள்ளை நாடா கட்ட வேண்டும். அந்த நாடாவுக்கு நடுவே டாங்கிகள் போகும். வரலாறு டாங்கி போன நேரத்திலிருந்து தொடங்கும்.

இதே மதராஸ் சாப்பர்களில் காஞ்சிபுரத்தை அடுத்த கீழ ஒட்டிவாக்கத்தின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், தம் ஆட்களைக் காப்பாற்ற ஒரு கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர். அந்தப் பதக்கம் இல்லையென்றால் அவர் பெயரும் நமக்குத் தெரிந்திருக்காது.

பதக்கத்திலும் ஓரவஞ்சனை இருந்தது. வட ஆப்பிரிக்காவில் பணியாற்றியவர்களுக்கு ‘ஆப்பிரிக்கா ஸ்டார்’ கொடுத்தார்கள். அதன் நாடாவில் ‘8ஆம் படை’ என்ற தனிப் பட்டையும் உண்டு. ஆனால் 1942 அக்டோபர் 23க்குப் பிறகு, அதாவது மாண்ட்கோமரியின் அலமேன் தாக்குதலிலிருந்து பணியாற்றியவர்களுக்கு மட்டுமே அந்தப் பட்டை. மே 27 அன்று அதே 8ஆம் படையின் பெயரில் 171ஆம் மேட்டில் நின்று கைதியானவருக்கு அது கிடையாது. தளபதிகளின் புத்தகச் சண்டையில் யார் ஜெயித்தார் என்பதைச் சிப்பாயின் சட்டைப் பையில் குத்தியிருந்த அந்தச் சின்னத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வாசகர்களுக்கு

புளியறை, செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தாவோ பூட்டனோ ‘எகிப்துக்குப் பட்டாளத்தில் போனவர்’ என்று உங்கள் வீட்டில் பேச்சு இருந்தால், பழைய டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆறு முனையுள்ள நட்சத்திரப் பதக்கம் இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தியப் படைக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் படை எண், பெயர், பிரிவு எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் அப்படிப் பெயர் பொறிக்கவில்லை. பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துவிடாதீர்கள், எழுத்து போய்விடும். சம்பளப் புத்தகம், விடுவிப்புச் சான்று கிடைத்தால் படம் எடுத்து வையுங்கள்.

திரும்பி வராதவர்களைத் தேட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எல்-அலமேனில் புதைக்கப்பட்டவர்களும், எரியூட்டப்பட்ட 600க்கும் மேற்பட்டவர்களும், உடல் கிடைக்காதவர்களும் அதில் பெயரோடு இருக்கிறார்கள். பல பெயர்களுக்குப் பக்கத்தில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. ஆங்கில எழுத்தில் நம் ஊர்ப் பெயர்கள் கண்டபடி சிதைந்திருக்கும். நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள். தென்காசிக்காரர்கள் ‘தின்னவேலி’ என்ற பழைய ஆங்கிலப் பெயரின் கீழ்த் தேடலாம். புளியறைக்காரர்களும் செங்கோட்டைக்காரர்களும் திருவிதாங்கூர் என்ற பெயரின் கீழும் தேட வேண்டும். கிடைத்ததை எங்களுக்கு எழுதுங்கள், குடும்பத்தின் சம்மதத்தோடு இந்தத் தொடரின் கடைசி அத்தியாயத்தில் பட்டியலாக வெளியிடுகிறோம்.